ஐந்து லிட்டர், சரி

எங்கள் வீட்டுச் சமையலறையில் எந்தப் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் வெள்ளைப் பெயின்டில் என் கையெழுத்து இருக்கும். காபி டம்ளருக்கு அடியில் "200 மி.லி. சரி." தயிர்ப் பாத்திரத்துக்கு அடியில் "1 லி. சரி." எண்ணெய்த் தூக்குக்கு அடியில் "1 லி. இல்லை, 940." அந்தத் தூக்கு என் மனைவியின் பிறந்த வீட்டுச் சீர். அதை எழுதிய அன்று அவள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தாம்பரம் வட்டாரத்தில் நான் முத்திரை ஆய்வாளன். கடைகளில் இருக்கும் எடைக்கல்லும் லிட்டரும் தராசும் சரியான அளவா என்று சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். அடியை உள்பக்கமாகத் தட்டி வைத்த லிட்டரைப் பார்த்திருக்கிறேன். நுரையோடு ஊற்றி, நுரை அடங்குவதற்குள் வாங்குபவரை அனுப்பிவிடும் மண்ணெண்ணெய்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தராசுத் தட்டுக்கு அடியில் உருட்டி ஒட்டிய புளியைப் பிய்த்துக் கையில் காட்டினால், "எப்படி ஒட்டிச்சுன்னே தெரியல சார்" என்பார் கடைக்காரர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். வருடக்கணக்கில் இதைக் கேட்டவனுக்கு யார் வாயைத் திறந்தாலும் புளி வாசனைதான் அடிக்கும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கி சுடும் பைத்தியம் பிடித்துக்கொண்டாள். தோட்டா போட்டு வெடிக்கிற துப்பாக்கி இல்லை, காற்றால் சுடுகிற ஏர் ரைபிள். பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை, அதன் நடுவில் கடுகளவு புள்ளி. நாற்பது குண்டு, ஒன்றுக்குப் பத்துப் புள்ளி, மொத்தம் நானூறு. சிட்லபாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, பிறகு ரயில் ஏறி, கிளப்புக்குப் போய், சுடும்போது போடுகிற தடித்த கோட்டையும் பையையும் தூக்கிக்கொண்டு சாயங்காலம் வருவாள். இரண்டு வருடத்தில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டியில் கலந்துகொள்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அந்த வருடத்து மே மாதத் தேர்வுதான் அவளுடைய முழு உலகமும். ஜெயித்தால் அணியில் இடம், வெளியூர்ப் போட்டிகள். தவறினால் அதற்கடுத்த வருடம் படிப்பு முடிந்துவிடும், அப்புறம் வேலை, கல்யாணம் என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கிளப்பில் மூத்த வீரர் ஒருவர் தன்னுடைய பழைய வெளிநாட்டுத் துப்பாக்கியை அவளுக்கு விற்றார். குழலுக்குக் கீழே விரல் தடிமனில் ஒரு சின்ன சிலிண்டர். அதில் காற்றை அடைத்து வைத்தால் அந்தக் காற்றே ஒவ்வொரு குண்டாகத் தள்ளும். அந்தச் சின்ன சிலிண்டரை நிரப்ப வீட்டில் ஒரு பெரிய சிலிண்டர் வேண்டும். பெரியதைச் சின்னதோடு குழாயால் இணைத்துத் திருகைத் திறந்தால் காற்று இதிலிருந்து அதற்குப் பாயும். அந்தப் பெரிய சிலிண்டரை வாங்கத்தான் கேம்ப் ரோடு பக்கம் இருந்த ஒரு ஷெட்டுக்குப் போனோம்.

ஷெட்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியில் இறங்கி வேலை பார்த்தவர். காது கெட்டுப்போனதும் கரையேறி, சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் தொழிலுக்கு வந்துவிட்டார். கிளப் பிள்ளைகள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். வாசலில் ஒரு பலகை தொங்கியது. "ஏர் டேங்க். கொள்ளளவு 750 லிட்டர். 45 முறை நிரப்பலாம்."

எனக்கு அங்கேயே மூக்கு வியர்த்தது. எங்கள் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஐந்நூறு லிட்டர்தான். அதை மேலே ஏற்ற நாலு ஆள் தேவைப்பட்டது. இவர் காட்டிய டேங்க்கோ என் முழங்காலுக்குச் சற்று மேலே வந்தது.

"எழுநூத்தம்பது லிட்டர் எங்க இருக்கு?" என்றேன்.

"உள்ள கீது சார்" என்றார் அவர். "டப்பா அஞ்சு லிட்டர்தான். அதுல நூத்தம்பது மடங்கு காத்தை அமுக்கி வச்சிக்கீறோம். அஞ்சு இன்ட்டு நூத்தம்பது."

கணக்கு எனக்குத் தெரியாததில்லை, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த ஐந்து லிட்டரை அளந்தது யார்? காற்றை யார் கண்ணால் கண்டார்கள்? மகள் என் சட்டைக் கையை இழுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மகள் ஒழுங்கானவள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். முதல் தடவை துப்பாக்கியில் அழுத்தம் காட்டும் கேஜ் நூற்றைம்பது காட்டியது, நூற்றிருபது குண்டு சுட முடிந்தது. பத்தாம் தடவை எண்பது குண்டு. இருபதாம் தடவை ஐம்பதாவது குண்டைத் தொடுவதற்குள் தொய்ந்து கீழே விழ ஆரம்பித்தது. போட்டியில் நாற்பது குண்டு, அதற்கு முன் பழகிப் பார்க்கக் குறைந்தது இருபது குண்டு வேண்டும். பலகையில் போட்டிருந்த நாற்பத்தைந்தில் பாதிகூடத் தேறவில்லை. நோட்டைப் பார்த்ததும், சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆள் மாட்டிக்கொண்டார்.

மறுநாளே ஷெட்டுக்குப் போய் நோட்டை விரித்து வைத்தேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பக்கெட்டையும் ஒரு மக்கையும் தரையில் வைத்து நடுவே ரப்பர் குழாய் போட்டுக் காட்டினார். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்றது.

"இதான் சார் மேட்டரு. பெருசுலயும் சிறுசுலயும் அழுத்தம் ஒண்ணானா காத்து நகராது. மிச்சம் பெருசுலயே கெடக்கும். உள்ள எவ்ளோ கீதுன்னுதான் எல்லாரும் போடுவாங்க. துப்பாக்கிக்கு எவ்ளோ வந்து சேரும்னு கேட்டா, அது வேற கணக்கு."

"அப்ப பலகையில நாப்பத்தஞ்சுன்னு போட்டது?"

"அது மொத்தத்தை வகுத்துப் போட்டது. கம்பெனிக்காரன் அப்டிதான் அச்சடிச்சுக் குடுக்கறான், நானும் மாட்டிக்கினேன்" என்று தலையைச் சொறிந்தார்.

நியாயமான பதில்தான். இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு என் காதில் என்ன விழுந்தது தெரியுமா? புளி எப்படி ஒட்டியதென்றே தெரியவில்லை என்று விழுந்தது. நன்றாகப் பேசத் தெரிந்த வியாபாரியிடம்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும் என்பது என் அனுபவம். பக்கெட்டும் மக்கும் காட்டி ஆளைத் திசை திருப்புகிறார், டேங்க் ஐந்து லிட்டரே இருக்காது, மூன்றோ மூன்றரையோதான் இருக்கும் என்று ஸ்கூட்டரில் வரும்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு வாரநாளில் லீவு போட்டேன். மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போயிருந்தாள், மகள் கல்லூரியில். டேங்க்கை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்த் திருகைத் திறந்து, மிச்சமிருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினேன். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு மேற்குத் தாம்பரத்தில் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மேலே இருந்த வால்வைக் கழற்றச் சொன்னேன்.

"எதுக்கு சார் கழட்டறீங்க?" என்றார் பட்டறைக்காரர்.

"தண்ணி ஊத்தி அளக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

டேங்க்கை வீட்டு மாடிக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். பெட்ரோல் பங்க்குகளைச் சோதிக்க அரசாங்கம் கொடுத்த ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் என்னிடம் இருந்தது. கழுத்தில் கோடு போட்டது, ஒரு சொட்டுகூட ஏமாற்ற முடியாது. அதில் கோடு வரைக்கும் குழாய்த் தண்ணீரைப் பிடித்தேன். புனலை வைத்து டேங்க்கில் ஊற்றினேன். மூன்று லிட்டர் போனது. மூன்றரை போனது. நான்கு போனது. இதோ வழியும், இதோ வழியும் என்று குனிந்தபடியே நின்றேன். ஐந்து லிட்டரும் உள்ளே போய், கழுத்தருகே இன்னும் அரை டம்ளருக்கு இடம் மிச்சமிருந்தது. மனிதர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

எனக்கு வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மீன் விழுமென்று தூண்டிலை இழுத்தவனுக்கு வெறும் முள் வந்தது போல உட்கார்ந்திருந்தேன். பிறகு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் பக்கெட்டில் காட்டியதுதான் கணக்கிலும் வந்தது. மகளின் நோட்டிலிருந்த இருபதும் அதில் அப்படியே பொருந்தியது.

தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, டேங்க்கை மாடிச் சுவரோரம் தலைகீழாக வெயிலில் நிறுத்தினேன். பங்குனி வெயில், தரையில் கால் வைக்க முடியவில்லை. சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தேன், கழுத்துப் பக்கம் காய்ந்திருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய் வால்வை மாட்டிக்கொண்டேன். அதற்கு முன்னால், பழக்க தோஷம், பெயின்ட் டப்பாவை எடுத்து டேங்க்கின் அடியில் "5 லி. சரி" என்று எழுதியிருந்தேன். சோதித்ததை எழுதி வைக்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும்.

நிரப்பக் கொண்டுபோனபோது ஷெட்காரர் கேஜைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னா சார், சுத்தமா காலி பண்ணிக் கொண்டாந்துகீறீங்க. எப்பவும் கொஞ்சம் காத்து உள்ள உட்டு வைக்கணும். இல்லாங்காட்டி ஈரம் உள்ள பூந்துரும், அப்புறம் ஒரே பேஜார்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அளந்தேன் என்று சொன்னால் ஏன் அளந்தீர்கள் என்று கேட்பார், சந்தேகப்பட்டேன் என்று சொல்ல வேண்டும், சந்தேகம் பொய்யானது என்றும் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் தோற்று எனக்குப் பழக்கமில்லை. அதோடு இன்னொரு நினைப்பும் ஓடியது, பின்னால் ஏதாவது ஆனால் தப்பித்துக்கொள்ள இப்போதே ஈரத்தின் மேல் பழி போட்டு வைக்கிறாரோ என்று. பாருங்கள் என் புத்தியை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மே மாதப் போட்டியன்று காலையில் மகள் துப்பாக்கியை நிரப்பினாள். கேஜ் நூற்றைம்பதில் நின்றது. நகரத்தில் ஒரு பெரிய தகரக் கூரைக் கொட்டகையில் போட்டி. பின்னால் பெற்றோர்களுக்கென்று பெஞ்சு. முதல் இருபத்தைந்து குண்டு அவள் சுட்டதை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மூச்சை நிறுத்தி, சுட்டு, மூச்சை விட்டாள். ஒவ்வோர் அட்டையாக வந்தது, பத்து, பத்து, ஒன்பது, பத்து. இருபத்தாறாவதில் எட்டு. அடுத்தது ஏழு. எல்லாம் புள்ளிக்கு நேர் கீழே. அவள் குனிந்து கேஜைப் பார்ப்பது தெரிந்தது. முள் எண்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஓடிவந்து வெளியே வைத்திருந்த டேங்க்கில் நிரப்பிக்கொண்டு போனாள். அது பத்துக் குண்டுக்குள் மறுபடி இறங்கியது. துப்பாக்கியின் வாயருகே காதை வைத்தால் பல்லிடுக்கில் காற்று வாங்குவது போல ஒரு சீறல். நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கடைசிக் குண்டைச் சுட்டாள். நாலு புள்ளியில் இடம் போனது.

அவள் அழவில்லை. துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். நான்தான் கொட்டகை முழுக்கப் பார்வையை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசைப் பெண்ணின் அப்பா காலையில் எங்கள் பெட்டி அருகே நின்றாரே, என்ன செய்தார்? கேட்டதற்கு, ஷூ கயிறு கட்டினாராம். கிளப் மூத்தவர் பழுதான துப்பாக்கியைத் தள்ளிவிட்டுவிட்டாரோ? ரயிலில் தாம்பரம் வரும்வரை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போனபோது, துப்பாக்கியில் காற்று நிரப்பும் துளையைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் செங்கல் பொடி போல ஒட்டியது. டேங்க்கின் வால்வை லேசாகத் திறந்து அதன் முன்னால் கைக்குட்டையைப் பிடித்தேன். அதே பொடி. துரு. கழுத்துதான் காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை. அந்தத் துரு காற்றோடு போய்த் துப்பாக்கிக்குள் இருக்கும் வால்வை மூடவிடாமல் இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. கைக்குட்டையை நானே துவைத்துக் காயப்போட்டேன்.

கிளப்பில் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்து ஈரக் காற்று, துரு என்று சொல்லிவிட்டார்கள். ஈரக் காற்று எங்கிருந்து வரும்? ஷெட்காரரிடமிருந்துதான். இரண்டே வாரத்தில் கிளப் பிள்ளைகள் அவரிடம் போவதை நிறுத்தினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மகள்தான் விடவில்லை.

"அவரை நேர்ல போய்க் கேக்கணும்பா" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

"விடும்மா. போனது போச்சு. சின்ன வியாபாரி, பாவம்" என்றேன்.

காபி குடித்துக்கொண்டிருந்த என் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்களா சொல்றீங்க?" என்றாள். மகளும் அதே பார்வை பார்த்தாள். அதற்கு மேல் தடுத்தால் தெரிந்துவிடும் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். டேங்க்கை நடுவே வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

ஷெட் வெறிச்சென்று இருந்தது. என் மகள் சொன்னதை எல்லாம் ஷெட்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் ஈரம் வாங்குற மருந்து போட்டுதாம்மா காத்து புடிக்கிறேன். என் காத்துல அவ்ளோ தண்ணி இருக்காது. இரு, தொறந்து பாத்துறலாம்."

காற்றை வெளியேற்றி, வால்வைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தட்டின் மேல் டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு கரண்டி அளவுக்குத் தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. பின்னாலேயே துருப் பொடி.

"இது காத்துல வந்த ஈரம் இல்லம்மா. யாரோ தண்ணி உட்டுக்கிறாங்க."

"யாரு விடுவாங்க? டேங்க் எங்க வீட்லயேதான் இருந்துச்சு" என்றாள் மகள். சொல்லிக்கொண்டே குனிந்தவளின் கண் அப்படியே நின்றது. டேங்க்கின் அடிப்பாகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"5 லி. சரி."

காபி டம்ளரிலிருந்து எண்ணெய்த் தூக்குவரை பிறந்ததிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த எழுத்து. ஷெட்காரரும் எட்டிப் பார்த்தார். "சரின்னு போட்டுக்கீதே, இன்னா சரி?" என்றார். பதில் சொல்ல வேண்டியவன் நான். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"எப்ப அளந்தீங்க?"

"மார்ச்சுல."

"அளவு சரியா இருந்துதா?"

"இருந்தது."

"அதை இவர்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அப்பா. தண்ணி விட்டிருக்கேன்னு சொல்லியிருந்தா நான் வேற டேங்க்ல நிரப்பிட்டுப் போயிருப்பேன்."

ஷெட்காரர்தான் நடுவில் வந்தார். "உடும்மா. உனக்கோசரம்தான் செஞ்சிருப்பார்" என்றார். பிறகு என்னிடம், "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தொறந்து அளந்து காட்டியிருப்பேனே சார்" என்றார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம், அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கிளப்புக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். பாதிப் பிள்ளைகள் அவரிடம் திரும்பப் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை. ஒருமுறை விழுந்த சந்தேகத்தை எந்த ஸ்பேனராலும் கழற்ற முடியாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும். மகளிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. அன்று அவள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். அவள் இல்லாத நேரத்தில் கிளப்பிலிருந்து போன் வந்தது, மறுநாள் பயிற்சி கிடையாது என்று. சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன். "ம்" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு, என் எதிரிலேயே ரிசீவரை எடுத்துக் கிளப் எண்ணைச் சுழற்றினாள். "நாளைக்குப் பயிற்சி உண்டா சார்?" என்று கேட்டாள். நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஓர் எழுத்தும் படிக்கவில்லை. நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவள் போனை வைத்துவிட்டு உள்ளே போனாள்.